முகத்தை மூடாத மோதினார்

தகரத்தை வெட்டும்போது முதலில் சத்தம்தான் வரும். கத்தரியின் நுனி உள்ளே இறங்கி ஒரு விரல் நீளத்துக்குப் பிளவு விழுந்ததும் அந்தச் சத்தத்தை மறந்துவிடுவோம். பிளவு வழியாக வருவது கண்ணில்தான் முதலில் தெரியும். வெங்காயம் உரிக்கும்போது வருகிற எரிச்சல் போல ஆரம்பித்து, மூக்கின் உள்பக்கம் ஏறி, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்த சவப்பெட்டி ஒன்றை நான் முதல்முதலாகத் திறந்தது லப்பைக்குடிக்காட்டில், ஒரு வீட்டின் நடு அறையில். எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த மனிதர் அசையவே இல்லை. கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்கித் தாடிக்குள் போய்க்கொண்டிருந்தது. இறந்தவருக்கு நெருங்கிய சொந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக் கத்தரியை நிறுத்தினேன். "அழுவல தம்பி, மருந்து. நீ வெட்டு" என்றார்.

அவர் அந்த ஊர்ப் பள்ளிவாசல் ஒன்றில் மோதினாராக இருந்தார். ஐந்து வேளையும் பாங்கு சொல்லி ஊரைத் தொழுகைக்கு அழைப்பது அவர் வேலை. தண்ணீர்த் தொட்டி நிரப்புவதும் பாய் உதறிப் போடுவதும் அதோடு சேர்ந்தது. ஊரில் ஓர் ஆண் இறந்துபோனால் உடலைக் குளிப்பாட்டி, கஃபன் என்கிற வெள்ளைத் துணியைச் சுற்றித் தருவதற்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெண்களுக்குப் பெண்களே செய்துகொள்வார்கள். உதவிக்கு வருகிற ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இவர் மாற மாட்டார். ஊரே அவரை மோதினார் என்றுதான் கூப்பிட்டது. நான் பாய் என்றேன்.

நான் பெரம்பலூரில் ஐஸ் பெட்டி வண்டி ஓட்டுகிறவன். படிப்பு பத்தாவதோடு நின்றது. முதலில் அரியலூரில் சிமெண்டு லாரியில் இருந்தேன். ஏற்றுகிற இடத்திலும் இறக்குகிற இடத்திலும் ஓயாமல் சத்தம் போட்டுப் பேசவேண்டிய வேலை அது. எனக்கு வரவில்லை. நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் பெயரைக் கேட்டால்கூட எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இறந்தவர்களை ஏற்றும் வண்டிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தபோது, இதில் அதிகம் பேச வேண்டியிருக்காது என்றுதான் முதலில் தோன்றியது. என் மனைவி கொஞ்ச நாள் நான் தொட்ட சொம்பைத் தனியாக வைத்தாள். பிறகு அவளும் பழகிக்கொண்டாள்.

வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போன ஆட்கள் அங்கே இறந்துவிட்டால், உடல் கெடாமல் இருக்க மருந்து ஏற்றி, பெட்டியில் அடைத்து, திருச்சிக்கு அனுப்பிவைப்பார்கள். சில பெட்டிகளில் பலகைக்கு உள்ளே தகரமும் வைத்து மூடியிருக்கும். விமான நிலையத்தில் சரக்கு வருகிற வாசலில் நின்று நான் வாங்கிக்கொள்வேன். பாடாலூர், சிறுவாச்சூர், பெரம்பலூர், அப்புறம் ரஞ்சன்குடிக் கோட்டை என்று வழி போகும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மக்காச்சோளம் நிற்கும். என் பக்கத்து ஸீட்டில் இறந்தவரின் தம்பியோ மச்சானோ உட்கார்ந்திருப்பார். அவர்களில் பலர் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். எனக்கும் அது சௌகரியம். வண்டி தெருவுக்குள் திரும்பும்போது மோதினார் சட்டைக் கையை மடித்துவிட்டு வாசலில் நிற்பார்.

அந்த ஊரில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஒரு மாடியில் நின்றால் நாலு வீட்டுக் கொல்லை தெரியும். இறந்தவரின் உடம்பு அடுத்தவர் கண்ணில் படக்கூடாது என்பதில் அவர்களுக்கு மிகுந்த கவனம். அதனால் குளிப்பாட்டுகிற இடத்தைச் சுற்றிப் போர்வை கட்டுவார்கள், ஜன்னலைச் சாத்துவார்கள், இடுக்கில்கூடத் துணியைச் செருகுவார்கள். ஊரிலேயே இறந்தவருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வெந்நீரும் இலந்தை இலையும் கற்பூரமும் மணக்கிற அறையில் எவ்வளவு நேரம் இருந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. மருந்து ஏற்றி வந்த உடலுக்கும் அதே அறைதான், அதே போர்வை, அதே செருகிய துணி. வெந்நீர் பட்டதும் மருந்து இன்னும் வேகமாகக் கிளம்பும். உதவிக்குப் போனவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வெளியே ஓடிவந்து குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டு உள்ளே போவார்கள். மோதினார் எல்லாம் முடித்துவிட்டுத்தான் வருவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அது அந்த ஊரோடு நிற்கிற பழக்கம் அல்ல, எங்கள் தெருவிலும் அப்படித்தான். இறந்தவர் முன்னால் யாரும் மூக்கைப் பொத்தக்கூடாது. ஒரு வீட்டில் பெட்டியைத் திறந்ததும், இறந்தவனின் சித்தப்பா மகன், காலேஜ் படிக்கிறவன், தாங்க முடியாமல் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டான். சுவரோரம் சாய்ந்திருந்த தாய் அதைப் பார்த்துவிட்டாள். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். "ஏன்டா, ஒங்கண்ணன் நாறுறானா?" என்று கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. அவன் கைக்குட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். மோதினார் பெட்டியின் மேல் குனிந்தார். தன் முகத்தை இறந்தவனின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், காதோரமாக, ஆனால் அறை முழுக்கக் கேட்கும்படி, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். பயணம் முடிந்து வந்தவனை வீட்டுக்குள் கூப்பிடுவது போல இருந்தது. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டுதான் நிமிர்ந்தார். "மருந்து வாசம்தாம்மா. புள்ள அப்புடியே இருக்கான்." அந்தத் தாய் தலையை ஆட்டினாள். பிறகுதான் அவளுக்கு மறுபடி அழுகை வந்தது.

அதற்கு முன்பும் அவர் அப்படிச் செய்திருந்தாரா தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் செய்தார். அப்படி ஒரு சடங்கு கிடையாது என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் ஊர்ப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மோதினார் குனிந்து சலாம் சொன்னால்தான், வந்திருப்பது தங்கள் வீட்டு ஆள்தான் என்று அவர்கள் மனது ஒப்புக்கொண்டது. குனிகிற அந்த இடத்தில்தான் மருந்தின் காரம் எல்லாவற்றையும்விட அதிகம்.

அவர் குரலைப் பற்றி எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. கரகரப்பே இல்லாத குரல். தாழ்வாக ஆரம்பித்து, நடுவில் ஏறி, ஏறிய இடத்தில் அவசரப்படாமல் கொஞ்சம் நின்று, பிறகு இறங்கும். ஊரை ஒட்டிய ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும் என்பார்கள். அவர் சொல்லும் பாங்கில் ஒரு சொல்லுக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் பள்ளிவாசல் பக்கத்து டீக்கடை வாசலில் அது முடிகிறவரை கிளாசைக் கையிலேயே வைத்திருப்பேன். டீக்கடைக்காரருக்கும் அவருக்கும் ஓயாத கேலி. "ஒங்க தொண்டைக்கு எதுக்கு பாய் மைக்கு செட்டு? கரண்டு தெண்டம்" என்பார் கடைக்காரர். "ஒன் டீக்கு மட்டும் எதுக்குய்யா பாலு? அதான் நீ ஊத்துறதே இல்லியே" என்று இவர் திருப்பிக் கொடுப்பார்.

அந்தத் தெருக்களில் குழந்தை பிறந்தால் அதன் காதில் பாங்கு சொல்லவும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, பாஸ்போர்ட் எடுத்து, விமானம் ஏறிப் போனார்கள். அவர்களில் சிலர் பெட்டியில் திரும்பியபோது அதே காதில் அவர்தான் சலாம் சொன்னார். இதை அவர் ஒருநாளும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஒருமுறை மட்டும், என் வண்டியில் திட்டக்குடிக்கு மகள் வீட்டுக்கு வந்தபோது, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "படைச்சவன் எனக்கு நெலம் நீச்சு ஒண்ணும் குடுக்கல தம்பி. தொண்டய குடுத்தான். அது இல்லாட்டி நான் யாரு? தொட்டி நெரப்புற ஆளு."

அந்தத் தொண்டைதான் கெட ஆரம்பித்தது. முதலில் பெட்டி வந்த மறுநாள் மட்டும் கட்டிக்கொள்ளும். பனங்கற்கண்டும் அதிமதுரமும் வாயில் அடக்கிக்கொள்வார், சரியாகிவிடும். பிறகு சரியாவதற்குள் அடுத்த பெட்டி வந்தது. பாங்கின் ஏறுகிற இடத்தில் குரல் நூல் பிரிந்தது போல இரண்டாகக் கேட்கும். மாடிப்படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினார். "பாய், பேட்டரி எறங்கிப்போச்சா?" என்று டீக்கடைக்காரர் கேட்டபோது அவர் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. பெரம்பலூரில் காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டரம்மாவிடம் அவரைக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா என்ன வேலை என்று கேட்டார். "பள்ளிவாசல்ல மோதினாருங்கம்மா." "பாங்கு சொல்லிச் சொல்லி வந்த அலுப்பு. கொஞ்ச நாள் குரலுக்கு ரெஸ்ட் குடுங்க" என்று அவர் சீட்டில் எழுதப்போனார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி வாய் திறந்தேன் என்று இன்றுவரை தெரியாது. "பெட்டி தெறப்பாருங்க டாக்டர்" என்றேன். "என்ன பெட்டி?" நான் பாதி வார்த்தையும் பாதிக் கையுமாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு விசாரித்தார். ஜன்னல் திறந்திருக்குமா? ஃபேன் ஓடுமா? என்ன தண்ணீர்? எவ்வளவு நேரம்? மோதினார் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் மாறியது.

"அந்த மருந்துக்குப் பேரு பார்மலின். ஆஸ்பத்திரி பிணவறையில வேலை பாக்குறவங்களுக்கே இதுக்குன்னு தனி மாஸ்க், கண்ணாடி, காத்த வெளிய இழுக்குற ஃபேன் எல்லாம் இருக்கணும். நீங்க வீட்டு ரூம்ல ஜன்னல அடைச்சுக்கிட்டு, அதுல வெந்நீரையும் ஊத்துறீங்க" என்றார். பெட்டியை வெளியே வைத்துத் திறந்து காற்றாட விட வேண்டும், கனமான கிளவுஸ் போட வேண்டும், துணி மாஸ்க் இதற்கு ஆகாது, காற்றை வடிகட்டுகிற டப்பா வைத்த மாஸ்க்தான் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், "இதனாலதான்னு நான் அடிச்சு சொல்ல முடியாது. ஆனா இப்படியே போனா குரல் போயிரும் பாய். மூச்சுக்கும் நல்லதில்ல" என்றார். மோதினார் குழந்தை மாதிரி, "போயிருமாம்மா?" என்று கேட்டார்.

கார் பெயின்ட் அடிக்கிற பட்டறைகளில் போடுகிற மாஸ்க் இரண்டு திருச்சியில் வாங்கினேன், அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. முகத்தை ரப்பர் கவ்விக்கொள்ளும். கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு டப்பா. அவர் மாட்டிக்கொண்டு வண்டிக் கண்ணாடியில் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இதோட போனா மய்யித்தே எந்திரிச்சு ஓடிரும்யா!" மய்யித்து என்றால் இறந்தவர் உடல். சிரித்து முடித்ததும் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். கிளவுஸ் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். பெட்டியைக் காற்றாட விடச் சொன்னதற்குத் தலையாட்டவில்லை. "தெருவே மோந்து பாக்கும் தம்பி. இன்னார் வூட்டு மய்யித்து வாடை அடிச்சுதுன்னு காலத்துக்கும் பேச்சு நிக்கும்" என்றார். மாஸ்க் விஷயத்தில் அதற்கு மேல் பேசவே விடவில்லை. "மொகத்த மூடிக்கிட்டு எப்புடிய்யா சலாம் சொல்றது? பொறந்தன்னிக்கி மூடிக்கிட்டா பாங்கு சொன்னேன்?"

அதை இன்றும் யோசித்துப் பார்க்கிறேன். டாக்டரம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவர், அன்று சுவரோரம் உட்கார்ந்திருந்த தாயின் கேள்வியைக் கேட்டதில்லை. நான் மாஸ்க் போட்டுக்கொண்டு தகரத்தை வெட்டிவிட்டு உடனே வெளியே வந்துவிடுவேன். என்னை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நான் வண்டிக்காரன், வேற்று ஆள். என் முகம் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

கொரோனா காலத்தில் எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு திரிந்தார்கள். இறந்தவர் பக்கத்தில் மூக்கை மூடி நின்றவனைப் பார்த்து யாரும் கோபப்படவில்லை. இனிமேல் இது பழகிவிடும், மோதினார் தப்பித்தார் என்று நான் நினைத்தேன். நோய் குறைந்ததும் ஜனங்கள் முதல் வேலையாக மாஸ்க்கைத் தூக்கிப் போட்டார்கள். மூக்கைப் பொத்தினால் பழையபடி முறைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வெயில் காலத்தில் அந்தப் பெட்டி வந்தது. இறந்தவர் எலக்ட்ரீஷியன், முப்பது சொச்சம் வயது. தூக்கத்திலேயே நெஞ்சு அடைத்துப் போயிருக்கிறார். வளைகுடாவில் காகித வேலை இழுத்துவிட்டதால் உடல் பல நாள் கிடந்திருந்தது. கெடக்கூடாதென்று மருந்தும் அதிகம் ஏற்றியிருப்பார்கள் போல. திருச்சியில் வண்டியில் ஏற்றும்போதே, பெட்டி திறக்காமலே, எனக்குக் கண் கரித்தது. வீடு புத்தம் புதியது. எங்கள் பக்கம் புது வீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டுவோம், இங்கே அதற்குப் பதில் கண்ணாடி பதித்த பெயர்ப் பலகை இருந்தது. அவர் அங்கிருந்தே போனில் பேசிப் பேசிக் கட்டிய வீடு. ஒரு நாள்கூட அவர் அதில் படுத்ததில்லை.

நடு அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. குளிர் போகக்கூடாதென்று கதவு ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தார்கள். கொல்லையில் போர்வை கட்டிக் குளிப்பாட்டலாம் என்று மோதினார்தான் அன்று முதலில் சொன்னார். டாக்டரம்மா பேச்சு அவர் மனதில் இருந்திருக்க வேண்டும். இறந்தவரின் மனைவி கதவு மறைவில் நின்றுகொண்டிருந்தாள். மோதினாரை மாமு என்று கூப்பிடுகிறவள். "மாமு, அவரு கட்டுன பாத்ரூம்ல குளிப்பாட்டுங்க. டைல்ஸ் எல்லாம் அவருதான் வீடியோ கால்ல பாத்துப் பாத்து எடுத்தாரு. ஒரு தடவயாச்சும் அவரு அதுல குளிக்கட்டும்" என்றாள். மோதினார் கொல்லைப் பேச்சை விட்டுவிட்டார். நான் போய் அந்தக் குளியலறையைப் பார்த்தேன். நீல டைல்ஸ், பெரிய கண்ணாடி, ஜன்னல் கிடையாது. மேலே ஃபேனுக்கு விட்ட ஓட்டை அட்டை வைத்து அடைத்திருந்தது. ஏன் அப்படி என்று வீட்டு ஆள் ஒருவரைக் கேட்டேன். "எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் வாங்காதீங்க, நான் வர்றப்ப இங்கேர்ந்து நல்லதா எடுத்தாரேன்னு சொல்லியிருந்தாருங்க" என்றார்.

நான் என் மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, மற்றதை மோதினாரிடம் நீட்டினேன். "இன்னிக்கி மட்டும் பாய்." அவர் வாங்கினார். நிஜமாகவே வாங்கினார். ரப்பர் பட்டையை விரலால் நீவிக்கொண்டே அந்தப் பெண் நின்ற பக்கம் பார்த்தார். அவள் மாஸ்க்கைப் பார்த்தாள். கோபமாக ஒன்றும் பார்க்கவில்லை. "அவருக்கு ஒங்க மொகந்தான் மாமு தெரியும்" என்றாள். மோதினார் மாஸ்க்கை ஏசிக்குக் கீழே இருந்த நாற்காலியில் வைத்தார். நான் தகரத்தை வெட்டினேன். அவர் குனிந்து சலாம் சொன்னார். குரல் அறை முழுக்கக் கேட்டது. அந்தப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உடலைக் குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். உதவிக்குப் போன ஒருவர் சீக்கிரமே வெளியே வந்து வாசலில் வாந்தி எடுத்தார். இன்னொருவர் வருவதும் போவதுமாக இருந்தார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தமும் இருமல் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. மோதினார் வெளியே வந்தபோது கண் இரண்டும் இரத்தமாகச் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, ஒன்றும் இல்லை என்பது போல ஆட்டினார். கஃபன் சுற்றி, தொழுகை நடத்தி, அடக்கம் செய்யப் போனார்கள். நான் வண்டியைக் கழுவிவிட்டு டீக்கடைக்குப் போனேன்.

பொழுது இறங்குகிற நேரத்துப் பாங்கு ஆரம்பித்தது. முதல் வரி வந்தது, இரண்டாவதும் வந்தது. ஏறுகிற இடத்தில் குரல் நின்றது. ஒலிபெருக்கியில் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் ஊர் முழுக்கக் கேட்டது. மறுபடி ஆரம்பித்தார். அதே இடத்தில் மறுபடி நின்றது. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்க் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் வெளியே வந்து மேலே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு குரல், பழக்கமில்லாத குரல், விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொல்லி முடித்தது. "நாளைக்கு சரியாயிரும்" என்றார் டீக்கடைக்காரர். நான் ஆமாம் என்றேன்.

சரியாகவில்லை. டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் தடித்துப்போய்விட்டது, மூச்சுக்குழாயும் சுருங்கிப்போயிருக்கிறது என்றார். அதன் பிறகு அவரிடமிருந்து வந்தது காற்று கலந்த ஒரு கிசுகிசுப்பு மட்டும்தான். பாங்குக்கு வேறு ஆள் வந்தார். ஊர் இவரை விட்டுவிடவில்லை, பள்ளிவாசலிலேயே வைத்துக்கொண்டது. தொட்டி நிரப்பினார், பாய் உதறினார். பாங்கு நேரத்தில் மட்டும் எங்காவது போய்விடுவார். டீக்கடைக்காரர் கேலி பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார். மோதினார் கிளாசில் பால் மட்டும் கூடுதலாக விழுந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த பெட்டி வந்தபோதும் அவரே வந்தார். நான் மாஸ்க்கை நீட்டினேன். "இப்ப எதுக்குய்யா?" என்று உதட்டை அசைத்தார். "மூச்சு இருக்குல்ல பாய்" என்றேன். பிறகு வாங்கி மாட்டிக்கொண்டார். சலாம் சொல்லக் குரல் இல்லாமல் போன பிறகுதான் அந்த மாஸ்க் அவர் முகத்துக்கு வந்தது. அந்த வீட்டில் யாரும் முறைக்கவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும். பெட்டி திறந்ததும் குனிந்தார், காதோரம் இருந்தார், நிமிர்ந்தார். இறந்தவரின் தாய் காத்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. "மோதினாரே, சலாம் சொன்னீங்களா?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அது அவளுக்குப் போதவில்லை. அவள் முகம் கோணிக்கொண்டு வருவதை நான் பார்த்தேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என் மாஸ்க்கை இறக்கினேன். "சொல்லிட்டாரும்மா. நான் பக்கத்துலதான் நின்னேன், கேட்டேன்" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் வாழ்க்கையில் பேசியதில்லை. டப்பாவுக்குள் அவர் மூச்சு இரைகிற சத்தம்தான் எனக்குக் கேட்டிருந்தது. மோதினார் திரும்பிப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே அந்தக் கண் ஈரமாக இருந்தது. அது மருந்தாகவும் இருக்கலாம்.

போன வருஷ மழையில் மூச்சுத் திணறி அவர் இறந்துபோனார். இப்போது பெட்டி வந்தால் இளைஞர்கள் சிலர் வருகிறார்கள். மாஸ்க், கண்ணாடி, கிளவுஸ் எல்லாம் போடுகிறார்கள், கொல்லையில் வைத்துத்தான் திறக்கிறார்கள். அவர் கதையைச் சொன்னால் எந்த வீட்டிலும் மறுப்பதில்லை. அவர் பழக்கத்தையும் அவர்கள் விடவில்லை. குனிந்து சலாம் சொல்கிறார்கள். ரப்பருக்குள் அது யாருக்கும் கேட்பதில்லை. பெண்கள் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். "சொல்லிட்டாங்கம்மா" என்று நான் சொல்கிறேன்.

சென்ற மாதம் எனக்கு இருமல் நிற்கவில்லை என்று அதே டாக்டரம்மாவிடம் போனேன். அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கதான் மாஸ்க் போடுறீங்கள்ல, அப்புறம் எப்படி?" என்று கேட்டார். போடுகிறேன் என்றுதான் சொன்னேன். எந்த நேரத்தில் கழற்றுகிறேன் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாஸ்க்கோடு சொன்னால் அந்தப் பெண்களுக்குக் கேட்பதில்லை.